நிலவறைக்குள் குடியிருக்க ஒரு விளையாட்டு உண்டா?

3 நவம்பர் 2024, ஞாயிறு இரவு

நிலவறைக்குள் இறங்கிவிட்டுத் திரும்பி வருவதற்கு எத்தனையோ கணினி விளையாட்டுகள் இருக்கின்றன. அங்கேயே குடியிருப்பதற்கு எது இருக்கிறது? தெரிந்தவர்கள் பெயர் சொல்லுங்கள். நானும் விளையாடியவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறேன்.

எதைக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 1981இல் வந்த விசார்ட்ரியில் மேலே மதுக்கடை, சத்திரம், கோயில், போல்டாக் என்பவரின் ஆயுதக் கடை. கீழே பத்துத் தளங்கள். ஆறு பேர் இறங்குவார்கள், அடிப்பார்கள், அடிபடுவார்கள், பொன்னோடு மேலே வருவார்கள், சத்திரத்தில் படுத்துக் காயம் ஆற்றிக்கொண்டு மறுபடி இறங்குவார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான விளையாட்டுகள் இதே தடத்தில்தான் நடக்கின்றன. கீழே வேலை, மேலே வாழ்க்கை.

எனக்கு அந்த மேல் வேண்டாம். என் பாத்திரம் கீழேயே தூங்க வேண்டும், கீழேயே விழிக்க வேண்டும், அடுத்த வேளை உணவைக் கீழேயே தேட வேண்டும். ஊர் என்று ஒன்று மேலே இருக்கவே கூடாது. இருந்தாலும் போக வழி இருக்கக் கூடாது.

அப்படிப்பட்ட விளையாட்டை எப்படி அடையாளம் காண்பது? பசியை வைத்துத்தான். ஒரு விளையாட்டில் பசி இருக்கிறதென்றால் அங்கே வாழ்க்கை இருக்கிறது. லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக் நல்ல உதாரணம். 2012இல் வந்தது. மலைக்குள் தள்ளப்பட்ட நான்கு கைதிகள் நத்தைத் துண்டுகளைத் தின்றுகொண்டு, அடியிலிருந்து ஒவ்வொரு தளமாக ஏறி வருவார்கள். வீடு என்று எதுவுமில்லை. கையில் தீப்பந்தம் மட்டும்.

4 நவம்பர், திங்கள்

டஞ்சன் மாஸ்டரை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். 1987, அட்டாரி எஸ்டி கணினிக்கு எஃப்டிஎல் நிறுவனம் செய்தது. நான் விளையாடியது மிகவும் பிற்பாடு. என் மாமா பழைய கணினிகளைச் சேர்த்து வைத்திருந்தார். கோடை விடுமுறையில் அவர் வீட்டு மாடியறையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆடினேன்.

கண்ணாடிகளுக்குள் 24 வீரர்கள் உறைந்திருப்பார்கள். நால்வரைத் தேர்ந்தெடுத்து எழுப்ப வேண்டும். பிறகு கீழே, கீழே, இன்னும் கீழே. நீங்கள் யோசித்துக்கொண்டு சும்மா நின்றாலும் நேரம் ஓடும். தீப்பந்தம் மங்கும். வயிறு காயும். நீரூற்றைக் கண்டால் தோல்பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆப்பிள், சோளம், ரொட்டி, பாலாடைக்கட்டி என்று கிடைப்பதெல்லாம் பையில் போகும். அது தீர்ந்தால் கொன்றதைத் தின்ன வேண்டும். ஸ்க்ரீமர் என்று நடமாடும் செடி போன்ற ஒன்று வரும். அதை வெட்டினால் துண்டு துண்டாக உணவு. புழுவை வெட்டினாலும் உணவுதான்.

தூங்கச் சொன்னால் திரை இருண்டுவிடும். தூக்கத்தில் யாராவது அடித்தால் விழிப்பு வந்துவிடும். அந்த இருண்ட திரையின் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. விளையாட்டில் தூக்கம் இவ்வளவு பயமாக இருக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

4 நவம்பர், இரவு

"நிலவறை" என்று ஏன் எழுதுகிறீர்கள், விளையாடுகிறவர்கள் எல்லாரும் "டஞ்சன்" என்றுதானே சொல்கிறோம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் பேசும்போது அப்படித்தான் சொல்கிறேன். எழுதும்போது நிலவறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் "அறை" இருக்கிறது.

டஞ்சன் என்ற ஆங்கிலச் சொல்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிரெஞ்சில் டோன்ஜோன் என்றால் கோட்டையின் நடுவில் நிற்கும் பெரிய கோபுரம். கோட்டைத் தலைவனின் இருப்பிடம். தலைவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அந்தக் கோபுரத்தின் அடியில் கைதிகளை வைக்கப் போய், சொல் மெல்லக் கீழே இறங்கிச் சிறையாகிவிட்டது. ஆக, முதலில் அது வீடு! எனக்கு இதைப் படித்த அன்று அவ்வளவு மகிழ்ச்சி.

6 நவம்பர், புதன்

பசிதான் அடையாளம் என்று ஞாயிற்றுக்கிழமை அடித்துச் சொல்லியிருந்தேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது.

1980இல் வந்த ரோக்கில் பசி இருக்கிறது. ஆனால் எதற்காக இருக்கிறது? ஒரே தளத்தில் தங்கிவிடாமல் நம்மைத் துரத்துவதற்காக. உணவு கீழ்த்தளங்களில் கிடைக்கும். ஆகவே இறங்கிக்கொண்டே இரு. அந்தப் பசி ஒரு கடிகாரம். குடியிருப்பவனுக்கும் பசி உண்டு, அவன் அதற்காக வீட்டை விட்டு ஓடிக்கொண்டே இருப்பதில்லை; உலை வைக்கிறான். ரோக்கின் பசி குடியிருப்புக்கு எதிரானது. என் அளவுகோல் தலைகீழாக இருந்திருக்கிறது.

அதனால் அளவுகோலை மாற்றுகிறேன். ஒரு பொருளைத் தரையில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும் இடம் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்தால் ரோக்கின் பேரப்பிள்ளையான நெட்ஹேக் உள்ளே வந்துவிடுகிறது. அதில் நீண்ட நாள் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் எங்காவது ஒரு பெட்டியை வைத்துப் பொருள்களைச் சேமிப்பார்கள். நான் மைன்டவுனில் வைப்பேன். நோம் என்ற குட்டி மனிதர்களும் குள்ளர்களும் திரியும் சுரங்கத்தின் நடுவில் ஒரு சிற்றூர் அது. கடைகள், கோயில், பூசாரி, காவலர்கள். நீரூற்றில் கை வைத்தால் காவலர் அதட்டுவார். அந்த அதட்டல் எனக்கு மிகவும் பிடிக்கும். நிலவறைக்குள் ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். ஊரில் இருப்பவர்கள் ஊரணியைக் கெடுக்க விடமாட்டார்கள்.

இன்னொன்று: தரைப் புழுதியில் விரலால் எல்பரெத் என்று எழுதிவிட்டு அதன்மேல் நின்றால் பெரும்பாலான அரக்கர்கள் நெருங்க அஞ்சுவார்கள். காளைத்தலை அரக்கனான மினோட்டாருக்கும் மனிதர்களுக்கும் அது பலிக்காது. வாசலில் காப்புக் கட்டுவது போலத்தான். எங்கே எழுதுகிறோமோ அந்த ஒரு கட்டம் நம்முடையதாகிவிடுகிறது.

9 நவம்பர், சனி மாலை

இன்று அலுவலகம் இல்லை. மதியம் முழுவதும் அல்டிமா அண்டர்வேர்ல்டுக்குத் திரும்பப் போனேன். அதைப் பற்றிச் சரியாக எழுத வேண்டும்.

1992இல் வந்தது. செய்தவர்கள் புளூ ஸ்கை புரொடக்ஷன்ஸ், பிற்பாடு லுக்கிங் கிளாஸ் என்று பெயர் மாறியவர்கள். ஒரு பிரபுவின் மகளைக் கடத்தியவன் என்று தவறாகக் குற்றம் சாட்டி உங்களை ஸ்டைஜியன் அபிஸ் என்ற பெரும்பாழிக்குள் தள்ளி, பின்னால் கதவை அடைத்துவிடுகிறார்கள். மகளை மீட்டால்தான் வெளியே. எட்டுத் தளங்கள்.

தள்ளப்பட்ட பிறகுதான் தெரிகிறது, அது வெறும் பாழ் இல்லை. கபீரஸ் என்ற வீரர் எல்லா இனங்களும் எட்டு அறங்களின்படி சேர்ந்து வாழ வேண்டும் என்று அங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவியிருக்கிறார். அவர் இறந்ததும் அது உடைந்துவிட்டது. பச்சைக் கோப்ளின்கள் ஒரு பக்கம், சாம்பல் கோப்ளின்கள் ஒரு பக்கம். அடுத்த தளத்தில் மலைக் குள்ளர்கள். அதற்கும் கீழே பல்லி மனிதர்கள், அவர்களோடு பேச அவர்கள் மொழியின் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் கற்க வேண்டும். அறத்தின் எட்டுச் சின்னங்களும் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. நீங்கள் நடப்பது அரக்கர் குகையில் இல்லை. கூட்டுக் குடும்பம் பிரிந்த பிறகு சுவர் எழுப்பிய பழைய வீட்டில்.

அங்கே என்னென்ன செய்யலாம் பாருங்கள். தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம். படுக்கைச் சுருளை விரித்துத் தூங்கலாம். சோளக் கதிரை எரியும் தீப்பந்தத்தோடு சேர்த்தால் பொரிந்து சோளப்பொரி ஆகிவிடும். கதைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. யாரோ ஒருவர், கீழே வாழ்கிறவனுக்குப் பொரி தின்னவும் ஆசை இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்புக்காகவே அவர்களை மதிக்கிறேன்.

வரைபடத்தில் நம் கைப்பட எழுதிக்கொள்ளவும் முடியும். முதல் தளத்தின் படத்தில் நான் எழுதியிருப்பது: "ஆற்றோரம் மீன் நன்றாகக் கிடைக்கும்." "இங்கே போகாதே." "இது என் இடம்."

கடைசியாக எழுதியதற்குக் காரணம் வெள்ளி விதை. அதை மண்ணில் நட்டால் வெள்ளி மரக்கன்று முளைக்கும். பிறகு நீங்கள் எங்கே இறந்தாலும் அந்தக் கன்றின் அடியில் உயிரோடு எழுவீர்கள். யோசித்துப் பார்க்கிறேன்: விளையாட்டு உங்களிடம் கேட்பது "எங்கே சேமிக்க வேண்டும்" என்று இல்லை, "எங்கே வேர் விடப் போகிறாய்" என்று. நான் ஆற்றங்கரையில் நட்டேன்.

9 நவம்பர், இரவு

மாலையில் எழுதாமல் விட்டது. அல்டிமா அண்டர்வேர்ல்டின் முடிவில், தேடித் தேடிச் சேர்த்த அந்த எட்டுச் சின்னங்களையும் எரிமலைக் குழம்பில் எறிய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் முதன்முறை எறிந்தபோது வெற்றி என்று குதித்தேன். இப்போது அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். பிரிந்து கிடக்கும் இனங்கள் சேராமலேயே, சேர்த்து வைக்கக்கூடிய பொருள்கள் எரிந்து போகின்றன. உலகைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று கதை சொல்கிறது. தெரியும். இருந்தாலும் இன்று கை வரவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

திருத்தம். கிரிம்ராக்கின் கைதிகள் அடியிலிருந்து ஏறி வருவதாக 3ஆம் தேதி எழுதியிருந்தேன். தவறு. அவர்களை மலையுச்சியில் குழிக்குள் தள்ளுகிறார்கள், அவர்கள் இறங்குகிறார்கள். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

அடியிலிருந்து ஏறுவது வேறு விளையாட்டு, விசார்ட்ரியின் நான்காம் பாகம். 1987. முதல் பாகத்தில் நாம் கொன்ற மந்திரவாதி வெர்ட்னாவாக நாமே பத்தாம் தளத்தில் கண் விழிக்கிறோம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வீரர்கள், நல்லவர்கள். அவர்களின் பெயர்களில் பல, உண்மையான ஆட்டக்காரர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய வட்டுகளிலிருந்து எடுத்தவை. தன் சொந்த நிலவறையில் இருந்தும் வெர்ட்னாவால் நிம்மதியாக இருக்க முடியாது. அவனுடைய பழைய எதிரியான அரசன் ட்ரெபோரின் ஆவி துரத்திக்கொண்டே வரும், தொட்டால் சாவுதான். வீட்டுக்காரனை வீட்டிலிருந்து துரத்தும் விளையாட்டு. மிகக் கடினம். நான் இரண்டு தளங்களுக்கு மேல் ஏறியதில்லை.

13 நவம்பர், புதன்

டஞ்சன் கீப்பரை எப்படி விட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. விடவில்லை, தயங்கிக்கொண்டிருந்தேன்.

புல்ஃபிராக், 1997. நிலவறை உங்களுடையது. இம்ப் என்ற குட்டிப் பேய்கள் தோண்டும். ஒவ்வொரு அரக்கனுக்கும் படுக்க இடம் வேண்டும், தின்னக் கோழி வேண்டும், சம்பள நாளில் பொன் வேண்டும். கோழிப்பண்ணை சிறியதாக இருந்தால் முணுமுணுப்பார்கள். கோபம் முற்றினால் விட்டுப் போய்விடுவார்கள். குடியிருப்பின் கணக்கு வழக்கை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட விளையாட்டு அதற்கு முன் இல்லை.

ஆனால் நீங்கள் யார்? மேலிருந்து நீளும் ஒரு கை. கையால் தூக்கலாம், போடலாம், அறையலாம். கைக்குப் பசி இல்லை, படுக்கை இல்லை. அது குடியிருப்பவரின் கை இல்லை, வாடகைக்கு விட்டவரின் கை.

ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டும். ஓர் அரக்கனுக்குள் புகுந்து அதன் கண்ணால் பார்க்கும் மந்திரம் இருக்கிறது. சண்டைக்காக வைத்தது. நான் சண்டை இல்லாத நேரத்தில் அதைப் போட்டு, நானே வெட்டிய நடைபாதைகளில் சுற்றி வருவேன். மேலிருந்து பார்க்கும்போது நேர்த்தியாகத் தெரிந்த அறைகள் உள்ளே நின்று பார்க்கும்போது இருட்டாகவும் குறுகலாகவும் இருக்கும். கோழிகள் காலில் இடறும். அந்த ஐந்து நிமிடத்துக்கு அது என் பட்டியலில் இருக்கலாம்.

16 நவம்பர், சனி

பட்டியலின் உச்சியில் வைக்க வேண்டியது ஆர்க்ஸ் ஃபட்டாலிஸ். இன்று காலை அதைத் திறந்துவிட்டு மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

பிரான்சின் லியோன் நகரத்து ஆர்க்கேன் ஸ்டூடியோஸின் முதல் விளையாட்டு, 2002. அவர்கள் செய்ய விரும்பியது அல்டிமா அண்டர்வேர்ல்டின் மூன்றாம் பாகம். உரிமை கிடைக்காததால் தங்கள் சொந்த உலகத்தைப் படைத்தார்கள். உரிமை கிடைக்காததே நல்லதாயிற்று என்பது என் கருத்து.

அந்த உலகில் சூரியன் அணைந்துவிட்டது. மனிதர், கோப்ளின், டிரோல், எலி மனிதர், பாம்புப் பெண்கள் என்று எல்லாருமே உறைபனிக்குத் தப்பிப் பூமிக்குள் இறங்கிவிட்டார்கள். ஆகவே "மேலே" என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லை. கேட்டது இதுதானே! ஆர்க்ஸ் என்ற நகரமே குகைக்குள் இருக்கிறது. அரண்மனை, மதுக்கடை, கோயில், காவலர் எல்லாம் ஒரே பாறைக் கூரையின் கீழ். நீங்கள் நினைவிழந்தவராகக் கோப்ளின்களின் சிறையில் கண் விழிக்கிறீர்கள்.

சமையலைச் சொல்ல வேண்டும். மாவைத் தண்ணீரோடு சேர்த்தால் பிசைந்த மாவு. அதை நெருப்போரம் வைத்துக் காத்திருந்தால் ரொட்டி. பட்டியல் எதுவும் திறக்காது, பொத்தான் எதுவும் அழுத்த வேண்டாம். பொருளை எடுத்து நெருப்பருகில் வைக்கிறீர்கள், அது வேகிறது. மீனும் அப்படித்தான். நெருப்பு இல்லையென்றால் சுட்டியால் காற்றில் எழுத்து வரைந்து மந்திரத்தால் மூட்டிக்கொள்ளலாம். அந்த மந்திரம் சுவரில் அணைந்திருக்கும் தீப்பந்தங்களையும் ஏற்றிவிடும். ஒரு நடைபாதையில் விளக்கேற்றிக்கொண்டே போய், திரும்பி வரும்போது அது எரிந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளையாடிப் பார்த்தால்தான் தெரியும்.

2011இல் ஆர்க்கேன் இதன் மூல நிரலை வெளியிட்டது. ஆர்வலர்கள் அதை எடுத்து ஆர்க்ஸ் லிபர்டாட்டிஸ் என்ற பெயரில் இன்றைய கணினிகளில் ஓடும்படி பராமரிக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்குங்கள்.

குறை ஒன்று இருக்கிறது. மதுக்கடையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பேசினால் சொன்னதையே சொல்கிறார்கள். நான் ரொட்டி சுடுகிறேன், யாருக்கும் பசிக்கவில்லை. அந்த நகரத்தில் குடியிருப்பவள் நான் ஒருத்தி மட்டும்தானோ என்று ஒரு கட்டத்தில் தோன்றிவிடுகிறது.

17 நவம்பர், ஞாயிறு

ஹேடிஸ், அண்டர்டேல் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறீர்கள்.

அண்டர்டேல், 2015. எபோட் மலைக்கு அடியில் அடைபட்ட அரக்கர்களின் உலகம். விழுந்த குழந்தையை டொரியல் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். தனி அறை, கட்டில். தூங்கி எழுந்தால் பக்கத்தில் தட்டில் ஒரு துண்டுப் பலகாரம். "இங்கேயே இருந்துவிடு" என்கிறாள். நான் இருந்துவிட நினைத்தேன், உண்மையாகவே. அடுப்படிக்குப் போனேன், புத்தக அலமாரியைப் பார்த்தேன், மறுபடி அவள் நாற்காலிக்கு வந்தேன். கதை நகரவே இல்லை. வெளியே போவது எப்படி என்று அவளிடம் கேட்டால்தான் நகரும். கேட்டதும் அவள் எழுந்து போவாள், வழியை அடைக்க. ஒரு வீட்டை இவ்வளவு அழகாகக் கட்டி, அதை விட்டுப் போவதை மட்டுமே விளையாட்டாக வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எல்லாரோடும் நட்பாகி முடித்தால், கடைசியில் அவளோடு தங்குகிறேன் என்று சொல்ல வாய்ப்பு வரும். சொன்னேன். கோபம் கொஞ்சம் தணிந்தது.

ஹேடிஸ், 2020. முதலில் இதை ஒதுக்கிவிட்டேன், ஏனென்றால் பாதாள அரசன் ஹேடிஸின் மகன் ஜாக்ரியஸின் ஒரே நோக்கம் பாதாளத்திலிருந்து தப்பிப்பது. ஆனால் செத்தால் எங்கே போகிறான்? வீட்டுக்கு. இரத்தக் குளத்திலிருந்து எழுந்து தலையை உதறிக்கொண்டு நடக்கிறான். தூக்கத்தின் தெய்வமான ஹிப்னாஸ் எப்படிச் செத்தாய் என்று விசாரிக்கிறான். அப்பா மேசையிலிருந்து தலை நிமிராமல் குத்தலாக ஒன்று சொல்கிறார். நாயைத் தடவிக் கொடுக்கலாம். கூடத்துக்குக் கம்பளம் வாங்கிப் போடலாம். அந்த வீட்டில் எல்லாருமே நம்மைத் தெரிந்தவர்கள். மேலுலகில் அவனால் நெடுநேரம் உயிரோடு இருக்கவும் முடியாது. விசார்ட்ரியின் சுற்றுதான், ஆனால் தலைகீழ்: வீடு அடியில், வேலை மேலே. ஒதுக்கியது தவறு, சேர்க்கிறேன்.

எழுதும்போது ஒன்று புரிகிறது. பொருளை வைத்துவிட்டு வரும் இடம் என்று 6ஆம் தேதி சொன்னது போதாது. வந்தவுடன் "எங்கே போயிருந்தாய்" என்று கேட்க ஒருவர் வேண்டும்.

20 நவம்பர், புதன்

விளையாட்டை விட்டுச் சற்று விலகுகிறேன். துருக்கியின் கப்பதோசியாவில் டெரின்குயு என்ற நிலத்தடி நகரம் இருக்கிறது. சுமார் 85 மீட்டர் ஆழம். 1963இல் ஒருவர் தன் வீட்டுச் சுவரை இடித்தபோது பின்னால் ஓர் அறை தென்பட, அதற்குப் பின்னால் ஒரு நகரமே கிடைத்தது. தொழுவம், தேவாலயம், திராட்சை பிழியும் தொட்டி எல்லாம் உண்டு. வாசல்களை வட்டக் கல்லை உருட்டி உள்ளிருந்தே அடைத்துக்கொள்வார்கள்.

என்னை நிறுத்தியது காற்று. அங்கே மேலிருந்து அடிவரை காற்றுக்குழாய்கள் வெட்டியிருக்கிறார்கள். நான் இத்தனை ஆண்டுகள் விளையாடிய நிலவறைகளில் தீப்பந்தம் கொளுத்தியிருக்கிறேன், மீன் சுட்டிருக்கிறேன். புகை எங்கே போயிற்று என்று ஒரு முறையும் நினைத்ததில்லை.

காற்றை நினைத்த விளையாட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரெத் ஆஃப் ஃபயரின் ஐந்தாம் பாகம், 2002. ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் பூமிக்கடியில். அடித்தளத்தில் காற்று கெட்டுப்போயிருக்கும். நினா என்ற சிறுமியை அந்தக் காற்றைச் சுத்திகரிக்கும் கருவியாகவே ஆக்கியிருப்பார்கள். அவளை வானத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் கதை. அது குடியிருப்பு விளையாட்டு இல்லை, திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்று நம்மை நிற்க விடாது. ஆனாலும் கீழே வாழ்வதன் விலையைச் சொன்னது அது ஒன்றுதான்.

24 நவம்பர், ஞாயிறு

கோர் கீப்பரைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் விளையாட்டு இல்லை.

2022இல் முன்னோட்ட வடிவமாக வந்தபோது தங்கையும் நானும் சேர்ந்து ஆடத் தொடங்கினோம். அவள் வேலைக்காக வேறு ஊருக்குப் போன புதிது. இரவு ஒன்பதரைக்கு இருவரும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அமர்வோம். வானமே இல்லாத உலகம் அது. எந்தப் பக்கம் போனாலும் சுவர், தோண்டினால் இன்னும் சுவர். நடுவில் கோர் என்ற பெரிய கல். அதைச் சுற்றி மரப்பலகையில் அறைகள் கட்டினோம். இதயக்கனிப் பாத்தி போட்டோம். சமையல் பானையில் எதை எதோடு போட்டால் என்ன வரும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பாள். அறை கட்டிக் கட்டில் போட்டு வைத்தால் வணிகர்கள் வந்து குடியேறுவார்கள். அதற்கென்று ஒரு வரிசை வீடு கட்டினாள். நான் தோண்டப் போவேன், அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். மூட்டை நிறைந்து நான் திரும்பும்போது காதில் குரல் வரும்: "வந்துவிட்டாயா அக்கா, சாப்பாடு பெட்டியில் இருக்கிறது."

பெட்டியைத் திறந்தால் உண்மையிலேயே இருக்கும்.

ஆறேழு மாதம் அப்படி. பிறகு அவளுக்குத் திருமணம், எனக்குப் பணிமாற்றம். ஒன்பதரை மணி கைவிட்டுப் போனது.

நேற்று அந்த உலகத்தைத் தனியாகத் திறந்தேன். இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பாத்தியில் செடிகள் முளைவிட்ட நிலையில் இருந்தன. நாங்கள் விட்டபோது முளைத்திருந்த அதே செடிகள், அதே உயரம். சுவர் விளக்குகள் எரிந்தன. பெட்டியில் எனக்காக வைத்த பதினான்கு கிண்ணம் உணவு.

நாங்கள் இல்லாத இரண்டு ஆண்டில் அங்கே ஒரு நாள்கூடக் கழியவில்லை.

25 நவம்பர், திங்கள்

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. தங்கை நன்றாக இருக்கிறாள், நேற்று அரை மணி நேரம் பேசினோம். நான் வருந்தி எழுதவில்லை. புரிந்துகொள்ள முயல்கிறேன்.

செடிகள் காத்திருந்தது முதலில் இனிமையாக இருந்தது. பிறகு யோசித்தேன்: நான் போன கணமே உறைந்துவிடும் இடத்தில் யார் வாழ்ந்தார்கள்? ஆர்க்ஸ் நகரத்து மதுக்கடையில் எனக்கு ஏற்பட்ட அதே உறுத்தல். உண்மையான வீட்டுக்கு இரண்டு ஆண்டு கழித்துப் போனால் செடி காய்ந்திருக்கும், அல்லது யாரோ தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இரண்டில் எதுவானாலும் காலம் நடந்திருக்கும்.

1 டிசம்பர், ஞாயிறு

ஒரு வாரமாக டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் இருக்கிறேன். 2006இல் ஆடம்ஸ் சகோதரர்கள் இருவர் வெளியிட்டது, இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். படங்களோடு கூடிய வடிவம் 2022 டிசம்பரில் வந்தது. நான் ஆடுவது திரை முழுவதும் எழுத்துக்குறிகளாக இருக்கும் பழைய வடிவம்.

இதை டஞ்சன் கீப்பரோடு சேர்த்து ஒதுக்கியிருந்தேன். இதிலும் நீங்கள் மேலிருந்து ஏவுபவர்தான். ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு வருவார்கள், மலையைக் குடைவார்கள். மண்தரையில் காளான் பயிரிட்டுத் தின்பார்கள், அதையே வடித்துக் குடிப்பார்கள். மூன்று அடுக்குக் குகைகள், அதற்கும் கீழே தீக்குழம்புக் கடல்.

என் மனத்தை மாற்றியது ஒரு சின்ன விதி. வெகுநாள் கீழேயே இருந்துவிட்ட குள்ளர்கள் வெயிலில் வந்தால் குமட்டி வாந்தி எடுப்பார்கள். உடம்பு குகைக்குப் பழகிவிட்டது. பிறர் எல்லாரும் நிலவறையை ஆபத்தாகவும் ஊரைப் பாதுகாப்பாகவும் வைத்தார்கள். இங்கே உடம்புக்கே வெளி ஒவ்வாமல் போகிறது. குடியிருப்பது என்றால் இதுதான் என்று எழுந்து நின்று சொல்லத் தோன்றியது.

கோட்டையைக் கைவிடாமல், ஓய்வு கொடுக்கும் வழியும் இருக்கிறது. ஓய்வு கொடுத்தால் நம் கை விலகிவிடும், உள்ளே இருப்பவர்கள் தொடர்ந்து வாழ்வார்கள். பிறகு அதே உலகில் ஒரு தனி ஆளாகப் பிறந்து நடந்தே அங்கே போகலாம்.

என் கோட்டைக்கு இன்று ஓய்வு கொடுத்துவிட்டேன். 83 பேர் இருக்கிறார்கள்.

8 டிசம்பர், ஞாயிறு நள்ளிரவு

போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மூன்று இரவு நடை. மலையடிவாரத்தில் வாசல் தெரிந்தது. அதை நான் மூன்று கட்ட அகலத்தில் வெட்டியிருந்தேன், வண்டிகள் நுழைவதற்காக. மேலிருந்து பார்த்துப் பார்த்து மனப்பாடமான இடம், உள்ளே நடக்கும்போது வழி தவறியது. படிக்கட்டில் இறங்கி இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் வலப்பக்கம் போய்க் காளான் வயலில் நின்றேன்.

கூடத்துக்குப் போகும் வழியில் சுவரைப் பார்த்தேன். ஒரு செதுக்கல்: கோட்டை நிறுவப்பட்ட நாள், வந்தவர்கள். யாரையும் செதுக்கச் சொல்லி விவரம் கொடுத்ததில்லை. சுவர்களை அலங்கரியுங்கள் என்று மட்டும் ஏவியிருந்தேன். அவர்கள் தங்கள் வரலாற்றையே செதுக்கிக்கொண்டார்கள்.

கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். சிலர் பெயர்கள் எனக்குத் தெரியும், காய்ச்சலில் படுத்தபோது பதறியிருக்கிறேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. ஒரு மேசையருகே நின்றிருந்தவரிடம் போனேன். பேசக்கூடியவற்றின் பட்டியல் திறந்தது. ஊர்ச் செய்தி கேட்கலாம், வழி கேட்கலாம். கீழே ஒரு வரி: இன்று ஒரு நாள் இங்கே தங்க அனுமதி கேள்.

கேட்டிருக்கிறேன்.